எறும்புக்கு வச்ச மாவு

சும்மா தர்றேன்னு எவனாவது வந்தா நான் மொதல்ல பாக்குறது அவன் மூஞ்சிய இல்ல, கைய. முதுகுக்குப் பின்னாடி என்ன ஒளிச்சு வச்சிருக்கான்னு தெரியணும். கருப்பேரி காலனியில பொறந்து வளந்தவளுக்கு இந்தப் புத்தி இல்லன்னாத்தான் அதிசயம். நாப்பது வருசமா பழைய பேட்டரிய உடைச்சு, உள்ள இருக்குற ஈயத்த உருக்கி வித்துட்டு, கழிசல எங்க மண்ணுல கொட்டினவங்களும் வேல தர்றோம்னு சொல்லிக்கிட்டுத்தான் வந்தாங்க. கோர்ட்டு பட்டறைய மூடி மூணு வருசம் ஆச்சு. மொதலாளி டவுன் பக்கம் போயிட்டான். ஈயம் எங்களோடயே தங்கிடுச்சு.

அதனாலதான், வெள்ள வேன்ல ஒரு கம்பெனி வந்து, "உங்க மண்ண எறும்பு விட்டுச் சுத்தம் பண்ணப் போறோம், நீங்க ஒண்ணும் தர வேணாம்"னு சொன்னப்ப, கூட்டத்துல மொதல்ல எழுந்தது நான்.

"எறும்பா? எங்கள இன்னா கேனைங்கன்னு நெனச்சியா?"

பேச வந்தது ஒரு சின்னப் பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். பேரு ஹெப்சிபா, சொந்த ஊரு நாகர்கோவில் பக்கம். நான் போட்ட சத்தத்துக்கு அவ கோவப்படவே இல்ல. ஒரு கண்ணாடி டப்பாவ என் கையில குடுத்தா. உள்ள கடுகு அளவுல எறும்புங்க, இடுப்பு மட்டும் சாம்பல் நெறம்.

"லேப்ல வளத்த எறும்பு அக்கா. சாதா எறும்புக்குச் சக்கர எங்க இருக்குன்னு தெரியுற மாதிரி, இதுக்கு ஈயம் எங்க இருக்குன்னு தெரியும். மண்ணுல கெடக்குற துணுக்க வாயில கவ்விட்டு வந்து, காலனி ஓரத்துல நாங்க வைக்கிற ஒம்போது இரும்புப் பெட்டியில போடும். உள்ள சக்கரப் பாகு வச்சிருப்போம். அதான் கூலி."

"முட்ட போட்டுப் பெருகுமா?"

"பெருகாது. ஆறு மாசம் இருக்கும், பெறகு புதுசா விடணும்."

"சரி, மண்ணு சுத்தமாகுது. அப்புறம் எங்கள வெரட்டிட்டு பிளாட் போடுவீங்களா?"

"அது எனக்குத் தெரியாது அக்கா"ன்னா.

பாத்தீங்களா, மாட்டிக்கிட்டா! கூட்டமே கைதட்டுச்சு. ஆனா கையெழுத்துப் போடுற நேரம் வந்தப்ப மொதல் கையெழுத்தும் என்னுதுதான். பூங்காவனம்னு கொட்ட எழுத்துல போட்டேன். காரணம் எம் பொண்ணு.

தன்ஷிகாவுக்கு அப்ப ஆறு வயசு. மூணு வயசுல வாய் ஓயாது அவளுக்கு, எதிர்ல வர்றவங்க எல்லாருக்கும் ஒரு கேள்வி வச்சிருப்பா. அஞ்சு வயசுல ஒவ்வொரு வார்த்தையா தொலைக்க ஆரம்பிச்சா. ஆட்டக் கண்டா சிரிப்பா, பேரு வாயில வராது. வயித்த வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்குவா. நான் பட்டறையில பேட்டரிப் பொட்டி கழுவின சேலையோடயே அவள மடியில போட்டுப் பால் குடுத்தவ. அத நெனச்சா இன்னிக்கும் என்னையே நான் அறஞ்சுக்கணும் போல இருக்கும். கம்பெனி மெஷின்ல விரல வச்சா ரத்தத்துல எவ்ளோ ஈயம்னு நம்பர் காட்டும். அவளுக்கு இருபத்திரண்டு. அஞ்சுக்கு மேல போனாலே கொழந்த மூளைக்கு ஆபத்தாம். நாப்பத்தஞ்சத் தாண்டினா ஆஸ்பத்திரியில படுக்க வச்சு மருந்து ஏத்தணுமாம்.

எறும்பு வந்துச்சு. கம்பெனிய ஒருத்தரும் நம்பல, ஆனா எறும்ப எல்லாருக்கும் புடிச்சுப் போச்சு. விடிஞ்சதும் லைன் கட்டி வேலைக்குக் கெளம்பிடும். குடிக்காது, லீவு போடாது. பொம்பளைங்க சொம்புத் தண்ணிய ஊத்துறப்ப கூட, எறும்பு போகட்டும்னு நின்னு ஊத்தினாங்க. "எங்க வீட்டு ஆம்பளைக்கு இதுல ஒண்ணப் புடிச்சுக் காட்டணும்டீ"ன்னு பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி சொல்லி, நாங்க சிரிச்சதும் உண்டு.

அந்த வாரம்தான் நான் பஞ்சாங்கக்காரர் முனிரத்தினத்தப் போய்ப் பாத்தேன். எங்க காலனிக்கு நாள் நட்சத்திரம் பாத்துச் சொல்றவரு அவரு, ஒத்தக் கட்ட. கஷ்டப்பட்டவங்க குடுத்தா கை நீட்டி வாங்க மாட்டாரு. தன்ஷிகா ஜாதகத்தப் பிரிச்சுப் பாத்துட்டுச் சொன்னாரு.

"சனி பார்வம்மா. நாப்பத்தெட்டு வாரம், சனிக்கிழமைன்னா பச்சரிசி மாவுல வெல்லம் கலந்து எறும்புக்குப் போடு. ஏரிக்கரை அரசமரத்தடியில போடு. நடுவுல நிறுத்தாத. வெளிய சொன்னா பலிக்காது."

எறும்புக்குத் தீனி போடுறது எங்க ஜனத்துக்குப் புதுசா என்ன? சனி புடிச்சா ஊர் ஊருக்குச் செய்யுறதுதான். ஆனா அரசமரத்தடியில போய் நின்னா, இன்னாடி பூங்காவனம் பண்றன்னு பத்து பேரு கேப்பாங்க. அதனால வீட்டுக்குள்ளயே, தன்ஷிகா படுக்குற கட்டிலுக்கு அடியில, செவுத்து ஓட்ட பக்கமா வச்சேன். கம்பெனி எறும்பு அரை மணி நேரத்துல மோப்பம் புடிச்சு வந்துடுச்சு. எம் பொண்ணு தலமாட்டுலயே வந்து திங்குதேன்னு எனக்குப் பூரிப்பு. சனிக்கிழம மட்டும்னாரு அவரு. புள்ள விசயத்துல கஞ்சத்தனம் பண்ணலாமான்னு நான் தெனமும் வச்சேன்.

ஒரு மாசம் கழிச்சு கேம்ப் போட்டாங்க. அஞ்சலாட்சி பையனுக்கு இருபத்திநாலு இருந்தது பத்தொம்பதா எறங்குச்சு. நாப்பது புள்ளைங்களுக்கு மேல எறங்குச்சு. தன்ஷிகாவுக்கு இருபத்தேழு.

"மெஷின் ரிப்பேரா?"ன்னு கேட்டேன்.

ஹெப்சிபா மூணு தடவ விரல வச்சுப் பாத்தா. "இல்ல அக்கா. உங்க வீட்டுக்குள்ள ஒரு தடவ வந்து பாக்கட்டா?"

என் கட்டிலுக்கு அடிய எவளுக்கும் காட்ட நான் தயாரா இல்ல. அதோட, இவ எதுக்கு எங்க வீட்டுக்குள்ள வரணும்? "தெருவுல இருக்குற மண்ணப் பாக்க வந்தவ தெருவோட நில்லு"ன்னு அனுப்பிட்டேன்.

அன்னையிலேருந்து எனக்கு எல்லார் மேலயும் சந்தேகம். அஞ்சலாட்சி வாசல் கூட்டுறப்ப தூச எங்க பக்கம் தள்ளுறாளான்னு கண்ணுல வெளக்கெண்ண விட்டுக்கிட்டுப் பாத்தேன். ஒரு நாள் கேட்டும் புட்டேன். "உன் புள்ளைக்கு எறங்குது, எம் புள்ளைக்கு ஏறுது, அது எப்படி?" அவ வெளக்குமாத்தக் கீழ போட்டுட்டு, "நல்லா இருப்படி நீ"ன்னு உள்ள போனவ, அதோட பேச்ச நிறுத்திட்டா.

எம் புருசன் ஏகாம்பரம் பட்டறையில பதினெட்டு வருசம் ஈயம் உருக்கினவரு. இப்ப லாரியில மூட்ட ஏத்துறாரு. திருட்டுத்தனமா எங்கயாவது மறுபடியும் உருக்குறாரான்னு ஒரு சந்தேகம். அவரு குளிக்கப் போனப்ப சட்டப் பையத் தொழாவினேன், செருப்ப மோந்து பாத்தேன். அவரு ஈரத் துண்டோட வந்து நின்னதக் கவனிக்கல.

"என்னாத்தத் தேடுற?"

"ஈயத்த."

"எம் புள்ளைக்கு நானே வெஷம் கொண்டாருவேன்னு நெனச்சியா?"ன்னு கேட்டுட்டு, சாப்பிடாம போயிட்டாரு. அப்பவும் எனக்கு மனசு ஆறல. போறாரே, எங்க போறாருன்னுதான் தோணுச்சு.

ரெண்டாம் மாசம் முப்பத்தஞ்சு. ஹெப்சிபா மறுபடியும் வீட்டுக்குள்ள வரணும்னா, நான் மறுபடியும் விடல. எங்களையும் சேத்து ஆறு வீட்டுப் புள்ளைங்களுக்கு மட்டும் ஏறுதுன்னு அப்பத்தான் வெளிய வந்துச்சு. எனக்கு வேற என்ன வேணும்? இந்தக் கம்பெனி ஆறு புள்ளைங்கள வேணும்னே ஒதுக்கி வச்சு சோதன பண்ணுதுன்னு வீடு வீடா போய்ச் சொன்னேன். எல்லாரும் நம்பினாங்க.

மூணாம் மாசம் நாப்பத்தாறு.

மெஷின்ல அந்த நம்பரப் பாத்ததும் ஹெப்சிபா கையப் புடிச்சு வேனுக்கு வெளிய இழுத்தேன். கூட்டம் சேந்துடுச்சு. நாலு பேரு மண்ணெண்ண டின்னோட எறும்புப் பெட்டிங்கள நோக்கிக் கெளம்பிட்டாங்க.

"சொல்லுடி! எம் பொண்ண இன்னா பண்ணின?"

அவ கண்ணுல தண்ணி நின்னுச்சு, ஆனா குரலு ஒடையல. "அக்கா, நீங்க என்னைய அடிக்கணும்னாலும் அடிங்க. அதுக்கு முன்ன இத ஒரு தடவ பாருங்க." ஒரு காகிதத்த விரிச்சா. எங்க காலனி வரைபடம். எறும்பு போற வழியெல்லாம் செவப்புக் கோடு. எல்லாக் கோடும் காலனி ஓரத்துப் பெட்டிக்குப் போகுது. ஆறு கோடு மட்டும் திரும்பி ஆறு வீட்டுக்குள்ள போகுது. "இந்த ஆறு வீட்டுலயும் எறும்பு உள்ள போயி என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியல. ரெண்டு மாசமா கேக்குறேன். ஆறு பேரும் கதவத் தொறக்கல. தன்ஷிகாவ இப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயே ஆகணும். அவளத் திருப்பி அதே எடத்துல படுக்க வைக்கிறதுக்கு முன்ன நான் பாக்கணும்."

அதே எடத்துலன்னு அவ சொன்னது சுருக்குன்னுச்சு. டின் வச்சிருந்தவங்கள நிக்கச் சொல்லிட்டு, அவள மட்டும் வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டு வந்தேன். நல்ல உச்சி வெயில் நேரம். கட்டில ரெண்டு பேருமா நகத்தினோம்.

மாவுத் தட்ட சுத்தி ஒரு பிடி அளவுக்குச் சாம்பல் தூள் குமிஞ்சு கெடந்துச்சு. நான் தெனமும் தட்டுல மாவு வச்சேனே தவிர, இருட்டுல கை நீட்டித்தான் வச்சேன். குனிஞ்சு பாக்கல. கட்டில் கால்ல, செவுத்துல, பாய் ஓரத்துல எல்லாம் அந்தத் தூளுதான். செவுத்துல சின்னச் சின்ன விரல் தடமும் இருந்துச்சு. படுத்துக்கிட்டே கைய நீட்டித் தொட்டு வெளையாடியிருக்கா.

ஒரு எறும்பு துணுக்கக் கவ்விக்கிட்டு ஓட்ட வழியா வந்துச்சு. மாவுகிட்ட வந்து நின்னுச்சு. துணுக்கக் கீழ போட்டுச்சு, மாவ எடுத்துச்சு, போயிடுச்சு.

ஹெப்சிபா தரையிலயே உக்காந்துட்டா. "அதுக்கு ஒரே வாய் அக்கா. தீனி எடுக்கணும்னா ஈயத்தக் கீழ போட்டுத்தான் ஆகணும். தீனி எங்க இருக்கோ அதான் அதுக்குப் பெட்டி."

"இத ஏண்டி மொதல்லயே சொல்லல?"

"நோட்டீஸ்ல இருக்கு. 'தளத்தில் பிற ஊட்டப் பொருட்களை இடுதல் தவிர்க்கப்பட வேண்டும்'னு."

"அது யாருக்குப் புரியும்?"

"லேப்ல நாங்க பயந்தது வேற. வேற நாட்டுல விட்டப்ப, ஜனங்க மருந்தடிச்சுக் கொன்னாங்க, வெந்நி ஊத்தினாங்க. அதுக்கெல்லாம் வழி யோசிச்சோம். எறும்புக்குக் கூப்பிட்டுச் சோறு போடுற ஜனம் இருக்கும்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்காவது தோணியிருக்கணும். எங்க அம்மாச்சியே போடுவாங்க." அப்படிச் சொல்லிட்டு அழுதா.

எனக்கு அழுக வரல. அஞ்சலாட்சி, ஏகாம்பரம், இந்தப் பொண்ணு, எல்லார் கையையும் பாத்தேன். என் கைய மட்டும் பாக்கல. வெஷத்த வட்டில்ல வச்சு எம் பொண்ணுக்கு ஊட்டினது நான்.

கம்பெனி வேன்லயே தன்ஷிகாவ ஆஸ்பத்திரியில சேத்தோம். ஏகாம்பரத்த அவகூட உக்கார வச்சுட்டு, மறுநாளே காலனிக்குத் திரும்பினேன். இன்னும் அஞ்சு வீடு இருக்கே. அந்த அஞ்சு பேரும் முனிரத்தினத்தப் பாத்தவங்கதான், சந்தேகமே இல்ல. எல்லாரும் வெளிய சொன்னா பலிக்காதுன்னு கட்டிலுக்கு அடியில, அடுப்பு மூலையில, ஒளிச்சு ஒளிச்சு வச்சவங்க.

வெக்கத்த விட்டுட்டு ஒவ்வொருத்தி வீட்டுலயும் போய் நடந்ததச் சொன்னேன். "எந்த மாவு? எங்க வீட்டுல மாவெல்லாம் இல்ல"ன்னு மூணு பேரு கதவச் சாத்தினாங்க. குப்பம்மா மட்டும் ஒத்துக்கிட்டா, ஆனா நிறுத்த மாட்டேன்னுட்டா. "பன்னெண்டு வாரம் முடிஞ்சுச்சு. நடுவுல நிறுத்தினா திருப்பி அடிக்கும். உன் புள்ளைக்கு ஏறுச்சுன்னா நீ தெனமும் வச்சதால ஏறியிருக்கும்." கடைசி வீட்டுக்காரி தேவகி என்னைய மேலயும் கீழயும் பாத்தா. "நேத்து வரைக்கும் கம்பெனியக் கிழிகிழின்னு கிழிச்ச. கம்பெனி வேன்ல ஏறிட்டு வந்ததும் பாட்டு மாறிடுச்சே. எவ்ளோ வாங்கின?"

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. இவளுங்களுக்கு இந்தப் பாடம் சொல்லிக் குடுத்தவளே நான்தானே. எறும்ப எல்லாத்தையும் இப்பவே வாரிக்கிட்டுப் போயிடுன்னு ஹெப்சிபாகிட்ட கேட்டேன். "எடுத்துட்டா இந்த ஆறு போக மத்த புள்ளைங்களுக்கு மறுபடியும் ஏறும் அக்கா. மண்ணுல இன்னும் பாதி அப்படியே கெடக்கு"ன்னா. மாவு நிக்கணும், எறும்பு இருக்கணும். உண்மையச் சொன்னா ஒருத்தியும் கேக்க மாட்டேங்குறா.

மூணாம் நாள் காலையில தண்ணி லாரி வந்துச்சு. குடத்தோட அம்பது பொம்பளைங்க. நான் அஞ்சலாட்சி பக்கத்துல போய் நின்னு, ரகசியம் சொல்ற மாதிரி, ஆனா நாலு பேருக்குக் கேக்குற மாதிரி சொன்னேன்.

"விசயம் தெரியுமா? அந்த எறும்பு மாவுப் பரிகாரம் பரிகாரமே இல்லையாம். பட்டறை மொதலாளி நம்ம பஞ்சாங்கக்காரருக்குச் சொல்லிக் குடுத்ததாம். புள்ளைங்களுக்கு ஏறினா பழி எறும்பு மேல விழும், நாமளே எறும்ப வெரட்டிடுவோம், மண்ணக் கெடுத்ததுக்கு அவன் மேல இருக்குற கேஸும் நிக்காம போயிடும்னு கணக்கு."

அஞ்சலாட்சி ரெண்டு மாசத்துல மொத தடவையா என் மூஞ்சியப் பாத்தா. "அடப்பாவி! நான் அப்பவே நெனச்சேன்"ன்னா.

அவ என்னத்த நெனச்சாளோ. லாரியில தண்ணி தீர்றதுக்குள்ள காலனி முழுக்கப் போயிடுச்சு. உண்மையோட ரெண்டு நாளு தெருத்தெருவா அலஞ்சேன், ஒரு வாசல் தொறக்கல. இதுக்கு நான் நடக்கவே வேண்டியிருக்கல, அதுவா ஓடுச்சு. மத்தியானத்துக்குள்ள அஞ்சு வீட்டுக்காரிங்களும் மாவுத் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நடுத்தெருவுல போட்டு ஒடைச்சாங்க. மாவே இல்லன்னு கதவச் சாத்தின மூணு பேருந்தான் மொதல்ல வந்தது. ஹெப்சிபா ஒவ்வொரு வீடா போய் ஈரத் துணி வச்சுத் தொடச்சா, ஒருத்தியும் தடுக்கல.

அதோட நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆம்பளைங்க வேலையிலேருந்து வந்ததும் முனிரத்தினம் வீட்டுக்குப் போயிட்டாங்க. சைக்கிள ஏரியில வீசினாங்க. ஜாதக ஓலக் கட்டையும் பஞ்சாங்கத்தையும் கிழிச்சாங்க. ஹெப்சிபா ஓடி வந்து என் கையப் புடிச்சா. "அக்கா, அந்த மொதலாளி விசயம் நெஜமா?"

"நெஜத்த நீயுந்தான் சொன்ன, நானுந்தான் சொன்னேன். எவ கேட்டா?"

அவ கைய எடுத்துக்கிட்டா. அப்புறம் எங்கிட்ட அவ அக்கான்னு கூப்பிட்டுப் பேசவே இல்ல.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். முனிரத்தினம் ஊர விட்டே கெளம்பினவரு மாதிரி ஒரு துணிப் பையோட நின்னுக்கிட்டிருந்தாரு. சட்டையில ரெண்டு பொத்தான் இல்ல, ஒதடு வீங்கியிருந்துச்சு. திரும்பிப் போயிடலாம்னு பாத்தேன், அதுக்குள்ள அவரு பாத்துட்டாரு.

"கொழந்தைக்கு இப்ப எவ்ளோ?"

"முப்பத்தொண்ணுண்ணே. காலையில ஆடுன்னு சொன்னாளாம்."

"நல்லது, நல்லது." அப்புறம் கொஞ்சம் கிட்ட வந்து, கூச்சத்தோட கேட்டாரு. "பூங்காவனம், நான் மரத்தடியிலதானே போடச் சொன்னேன்?"

"ஆமாண்ணே."

"என்னைய எவனும் வந்து பாக்கல. காசு குடுக்கல. ஆனா ஊரே சொல்லுது. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இந்தப் பரிகாரத்த எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்கப்பா. அவரு காலத்துலயும் பட்டறை இருந்துச்சு. எனக்கே தெரியாம, அவர வச்சு எவனாவது..." துணிப் பைய அடுத்த கைக்கு மாத்திக்கிட்டாரு. "நீ வெவரமானவ. நீ சொல்லு. அப்படி இருக்குமா?"

இல்லண்ணே, அது நான் கட்டுன கதன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா இவரு திரும்பிக் காலனிக்குத்தான் நடப்பாரு. பரிகாரம் நெஜம், நான் தப்பு பண்ணலன்னு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு சத்தியம் பண்ணுவாரு. குப்பம்மா நம்புவா. மறுபடியும் மாவ எடுப்பா.

"இருக்கும்ணே"ன்னேன்.

அவரு மெதுவா தலைய ஆட்டிக்கிட்டாரு. "அப்ப எங்கப்பாவையே ஏமாத்தியிருக்கானுங்க"ன்னாரு.

பஸ் வந்துச்சு. சாப்பாட்டுக் கூடையத் தூக்கிக்கிட்டு நான் ஏறிட்டேன். அவரு ஏறல.